கீசருக்குள் ஒளிந்திருக்கும் பீங்கான் வித்தை

விருத்தாசலம், கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்து மக்களுக்குப் பீங்கான் புதிதல்ல. மெயின் பெட்டியில் மாட்டும் வெள்ளை ஃபியூஸ் கட்டைகளைச் சுட்டெடுத்துப் பழகிய வட்டாரம் இது. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தத் தெரிந்த மண் அது. அதன் நெருங்கிய உறவு ஒன்று, யார் கண்ணிலும் படாமல், குளியலறைக் கீசரின் காயிலுக்குள்ளும் இருக்கிறது.

காயிலை அறுத்துப் பார்த்தால் நடுவில் நிக்ரோம் கம்பிச் சுருள் தெரியும். நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம் அது. வெளியே உலோகக் குழாய். இரண்டுக்கும் நடுவே இறுக்கித் திணித்த வெள்ளைப் பொடி, மக்னீசியம் ஆக்சைடு. வெப்பத்தை நன்றாகக் கடத்தும் செம்பும் அலுமினியமும் மின்சாரத்தையும் சேர்த்தே கடத்திவிடும். இந்தப் பொடியோ மின்சாரத்தை மறித்துவிட்டு, வெப்பத்துக்கு மட்டும் வழிவிடுகிறது. எவ்வளவு அழகான பாகுபாடு!

காயில் தண்ணீரிலேயே மூழ்கியிருப்பதால் அதன் வெப்பம் கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீருக்கே போய்ச் சேர்கிறது. 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 0.6 யூனிட் போதும். அற்பமாகத் தோன்றும். ஆனால் 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றைக் கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தின் உச்சிக்கு ஏறத்தாழ 80 முறை தூக்கத் தேவையான ஆற்றல் அது. தண்ணீர் அப்படி வெப்பத்தை விழுங்கும்.

அப்படியானால் மின்சாரம் எங்கே வீணாகிறது? காத்திருப்பில்தான். அணைக்காமல் விட்ட கீசரில் சூடு மெல்லக் கசியும். தெர்மோஸ்டாட் மறுபடி மறுபடி காயிலை எழுப்பும். குழாயைத் திறக்காமலே போகும் இந்த வெப்பத்துக்கு ‘நிலை இழப்பு’ என்று பெயர். சுற்றுப்புறத்தைவிட 45 டிகிரி கூடுதலான சூட்டில் நீரை 24 மணி நேரம் வைத்திருந்தால் எத்தனை யூனிட் கசிகிறது என்று பார்த்துத்தான் கீசருக்கு நட்சத்திரம் தருகிறார்கள்.

கசிவைத் தடுப்பது தொட்டியைச் சுற்றியுள்ள பாலியூரித்தேன் நுரை. சாதாரண எஃகைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மந்தமாக அது வெப்பத்தைக் கடத்தும். அதன் நுண்ணிய அறைகளில் அடைபட்ட வாயுதான் பெரும் காவல். சூளைச் சுவருக்குத் துளைகள் நிறைந்த இலேசான செங்கல்லைத் தேர்வதும் இதே காரணத்தால்தான்.

தெர்மோஸ்டாட் குமிழைக் கொஞ்சம் குறைத்துத் திருகினாலே பலன் உண்டு. குளியலறை 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நீர் 60 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 30. 50 டிகிரியில் இருந்தால் 20. கசிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எப்படியும் பச்சைத் தண்ணீர் கலந்துதானே குளிக்கிறோம்?

இதில் நெய்வேலிக்கும் பங்குண்டு. அங்குள்ள அனல்மின் நிலையத்தில் பழுப்பு நிலக்கரியை எரித்தால் வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. குளியலறையில் ஒரு யூனிட் வெப்பம் கசிந்தால், கொதிகலனில் மூன்று யூனிட் வெப்பம் எரிந்து தீர்ந்திருக்கும்.

2000 வாட் காயில் அந்த 0.6 யூனிட்டைச் சுமார் 18 நிமிடத்தில் கொடுத்துவிடும். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, பல் துலக்கி, வாசல் தெளித்துக் கோலம் போட்டு வருவதற்குள் வெந்நீர் தயார்.