தடுப்பறைக்குள் நீலம்

அலுவலகக் கூடத்தின் நடுவே, உட்கார்ந்திருப்பவரின் தலை மறையும் உயரத்துக்குத் தட்டிகளை நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு மேசையும் நாற்காலியும் கொண்ட சிறு இடமாகப் பிரித்துத் தரும் அமைப்பே க்யூபிக்கிள். தமிழில் இதைத் தடுப்பறை எனலாம். அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் அறைகலன் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் ப்ரோப்ஸ்ட் 1968-இல் வெளிக்கொணர்ந்த ‘ஆக்‌ஷன் ஆபீஸ்’ தொகுதியின் இரண்டாம் வடிவத்திலிருந்து இது கிளைத்தது. தட்டிகளை ஊழியர் தம் வேலைக்கேற்ப விரித்தும் குறுக்கியும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். நிறுவனங்களோ குறைந்த பரப்பில் அதிகம் பேரை அமர்த்தும்பொருட்டு அத்தட்டிகளைச் சதுரம் சதுரமாக மூட்டிவிட்டன. அவ்வாறு ஆனதைப் பிற்காலத்தில் அவரே கடிந்து பேசினார். தட்டியை நகர்த்தும் உரிமை போன பின் ஊழியர் கையில் எஞ்சியது, அதன்மேல் எதைக் குத்தி வைப்பது என்னும் சிறு உரிமைதான். சென்னையின் மென்பொருள் அலுவலகங்களில் ஆயுத பூசையை ஒட்டிக் கட்டப்படும் வண்ணத் தாள் தோரணங்கள் சில நாளில் இறங்கிவிடும். ஆண்டு முழுவதும் கண்ணெதிரே இருக்கப்போகும் நிறத்தைத் தேர்வதோ வேறு கணக்கு.

அந்தத் தேர்வில் நீலம் முன்னிற்பதற்கு அழகுக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. செர்மானிய அறிஞர் கதே 1810-இல் வெளியிட்ட நிறக் கோட்பாட்டு நூலிலேயே, நீலப் பரப்பு பார்ப்பவரிடமிருந்து விலகிப் போவதுபோல் தோன்றும் என்று குறிப்பிட்டிருக்கிறார். கண்ணின் வில்லை நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் ஒரே தொலைவில் குவிப்பதில்லை என்பதும், வானமும் தூரத்து மலைகளும் நீலமாகவே கண்ணுக்குப் பழகியிருப்பதும் இத்தோற்றத்துக்குக் கூறப்படும் விளக்கங்கள். ஆறடிக்கு ஆறடி இடத்தில் முழங்கை எட்டும் தூரத்தில் நிற்கும் தட்டி சற்றே பின்வாங்கியதாகத் தோன்றினாலும் அது பெரிய ஆதாயமே.

ஆனால் நீலம் என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் வகுத்த முறைப்படி ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று பண்புகள் உண்டு: அது எந்த வண்ணம் என்பது ஒன்று, வெளிறியதா இருண்டதா என்னும் வெளிர்மை மற்றொன்று, சாயம் அடர்ந்ததா, சாம்பல் கலந்து மங்கியதா என்னும் செறிவு மூன்றாவது. ஆனந்தா நீலத்தையும் கருநீலத்தையும் மயில்கழுத்து நிறத்தையும் ஒரு பார்வையில் பிரித்தறியும் புடவைக்கடை வாடிக்கையாளர் இம்மூன்றையும் பெயர் தெரியாமலே கையாளுகிறார். தட்டிகளின் பெரும்பரப்புக்கு வெளிர்மை மிகுந்து செறிவு குறைந்த, சாம்பல் ஓடிய வானநீலமே பொருந்தும். செறிவு மிக்க நீலம் சேலையில் எடுப்பாக இருக்கலாம். எட்டு மணி நேரம் மூன்று பக்கமும் சூழ்ந்து நிற்கும்போது அது சோர்வையே தரும். கருநீலத்தைக் கோப்புப் பெட்டி, நாற்காலி உறை, மேசைக்கு அடியிலுள்ள பரப்பு என்று கீழ்மட்டத்தில் வைப்பது நல்லது. குறிப்பாகக் கணினித் திரைக்கு நேர் பின்னே கருநீலத் துணி கூடாது. ஒளிரும் திரைக்கும் இருண்ட பின்புலத்துக்கும் இடையில் வெளிச்ச வேறுபாடு மிகும்போது, இரண்டுக்கும் மாறி மாறிப் பழக வேண்டிய கண் விரைவில் களைத்துவிடும்.

எழுத்துக்கும் இதில் ஒரு விதி உண்டு. விழித்திரையில் கூர்மையான பார்வைக்குரிய மையப் புள்ளியில் நீல ஒளியை உணரும் கூம்புச் செல்கள் ஏறக்குறைய இல்லை. ஆகவே நீலப் பின்புலத்தில் நீல மையால் எழுதிய நினைவுக் குறிப்பு பார்க்க இதமாக இருந்தாலும் படிக்க எளிதாக இராது. அட்டை நீலமாக இருக்கலாம், எழுத்து கறுப்பாக இருப்பதே முறை.

நீலம் மனத்தை அமைதிப்படுத்தும், கற்பனையை வளர்க்கும் என்னும் பேச்சை அளவோடு ஏற்பது நல்லது. நீலப் பின்புலம் புதுமைச் சிந்தனைக்கும் சிவப்பு நுணுக்க வேலைக்கும் உதவுவதாக 2009-இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியான கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் அதன் ஒரு பகுதியைப் பின்னர் மீண்டும் சோதித்தபோது அதே விளைவு கிட்டவில்லை. நீல ஒளி உறக்கத்தை விரட்டும் என்பதும் இதனோடு சேர்த்துக் குழப்பப்படுகிறது. விழித்திரையில் உள்ள மெலனாப்சின் என்னும் ஒளியுணர் புரதம் சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு மிகுதியாக எதிர்வினை புரிந்து உடலின் நாள்கடிகாரத்தைத் திருத்துகிறது என்பது உண்மை. அந்த வேலையைச் செய்வது கண்ணில் விழும் ஒளியின் வலிமை, தட்டியில் குத்திய நீலத் துணியன்று. பிடித்த நிறம் அருகில் இருப்பதால் ஏற்படும் மகிழ்ச்சி ஒன்றே அலங்காரத்துக்குப் போதுமான நியாயம். அதற்கு அறிவியலின் சான்றிதழ் தேவையில்லை.

உண்மையில் நீல அலங்காரத்தை ஆக்குவதும் கெடுப்பதும் கூரையில் எரியும் விளக்கே. விளக்கொளியின் சாயலைக் கெல்வின் என்னும் அளவையால் குறிப்பர். 2700 கெல்வின் மஞ்சள் சாய்ந்த ஒளி, 6500 கெல்வின் நீலம் சாய்ந்த வெள்ளொளி. நம் அலுவலகங்களில் பலவும் இந்த இரண்டாம் வகைக் குழல்விளக்கையே எரிக்கின்றன. அதன் கீழ், குளிர்சாதனக் காற்றும் சேர, நீலம் மருத்துவமனைத் தாழ்வாரத்தின் சாயலைப் பெற்றுவிடுகிறது. காணொளிக் கூட்டத்தில் நீலத் தட்டியில் பட்டுத் திரும்பும் ஒளி மாநிற முகத்தைச் சாம்பல் பூத்ததாகக் காட்டுவதும் உண்டு. மஞ்சள் ஒளி தரும் சிறு மேசைவிளக்கு ஒன்றே இவ்விரண்டையும் பெருமளவு சரிசெய்யும். நிறச் சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே நிற்பது செம்மஞ்சள். ஆதலால் ஒரு மண் குவளை, பனையோலைப் பெட்டி, பித்தளைப் பேனாத் தாங்கி போன்ற ஏதேனும் ஒரு பொருளும் அருகில் இருக்க வேண்டும். நாள்காட்டியின் சிவப்பு எண்ணும்கூட இந்தப் பணியைச் செய்துவிடும்!

பொருள்களைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணி போர்த்திய தட்டிகள் குண்டூசியை ஏற்கும். பசையும் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவும் கறை விடும். தட்டி நிறுவனத்தின் சொத்தாதலால் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வதும், தீயணைப்புத் தெளிப்பான்களை மறைக்காதிருப்பதும் கடமை. நீலக் கட்டம் போட்ட கைத்தறித் துணியே மலிவும் அழகும் ஆனது. அச்சிட்ட படங்களாயின் சன்னலோர வெயில் படாமல் வைக்க வேண்டும். வெயிலில் மஞ்சள், சிவப்பு மைகள் முதலில் வெளிறி, நீலம் மட்டும் எஞ்சும் என்பதைக் கடைவாசல் சுவரொட்டிகளே காட்டும். வெளிறாத நீலங்களும் உண்டு: சென்னையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டம் பெற்ற மாஸ் சுப்ரமணியனின் குழு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2009-இல் இட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆகிய உலோகங்களின் ஆக்சைடுகளை உலையில் சுட்டபோது எதிர்பாராமல் கண்ட நீலம் அத்தகையது. இண்டியத்தின் விலையால் அது தடுப்பறை வரை வந்து சேரவில்லை.

கடையின் விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு நீலங்கள் அலுவலக விளக்கில் ஒவ்வாமல் போகக்கூடும்; ஆகவே மொத்தமாக வாங்குவதற்கு முன், ஒரு சாண் துணியைத் தட்டியில் குத்திக் காலையும் மாலையும் பார்த்த பிறகு மீதியை வாங்குவதே புத்திசாலித்தனம்.