தள்ளுண்ட முன்னிலைச் சொல்

முன்னிலைப் பெயரொன்று உயர்வினின்று இழிந்து, பின்னர் மீண்டும் ஏற்றம் பெற்ற வரலாற்றை அறிய விழைவோர் ஸ்பானிய மொழியை நோக்குதல் வேண்டும்.

இலத்தீனிலே 'வோஸ்' என்பது பன்மை. ஒருவரைப் பலராக்கி விளிக்கும் மரியாதை வழக்கால் அது ஒருமைக்கும் உரித்தாயிற்று. நமது 'நீர்' நடந்த வழியும் அதுவேயாம். ஸ்பானியத்தில் அச்சொல் 'வொஸ்' என நின்று, பலர் வாயிலும் புழங்கவே மதிப்பிழந்தது. மேலோரை விளித்தற்கு 'நுமது அருள்' எனப் பொருள்படும் 'வுயெஸ்த்ர மெர்செத்' என்னும் தொடர் எழுந்து, தேய்ந்து, 'உஸ்தெத்' ஆயிற்று. ஆளை விடுத்து அவர்தம் அருளை விளித்தமையால், உஸ்தெத் இன்றும் படர்க்கை வினையையே கொள்ளும். 'தியெனெ' என்றால் 'அவன் உடையன்' என்பதும் ஆம். 'தாங்கள் உடையீர்' என்பதும் ஆம். இலக்கண மாணாக்கனுக்கு இதனினும் சுவையான இடம் வேறில்லை.

மேலே உஸ்தெத்தும் கீழே 'நீ' எனப் பொருள்படும் 'தூ'வும் நெருக்க, வொஸ் ஸ்பெயினில் வழக்கொழிந்தது. அந்நாட்டோடு தொடர்பு மிக்கிருந்த மெக்சிக்கோ நகரும் லீமாவும் தூவையே தழுவின. தொலைவிலிருந்த ஆர்ஜென்ரீனாவிலும் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் வொஸ் நிலைத்தது. வினையும் அதற்கேற்ப வேறாயிற்று. 'நீ உடையை' என்பதற்குத் தூ வழங்குமிடத்தில் 'தியெனெஸ்' என்பர். வொஸ் வழங்கும் ஆர்ஜென்ரீனாவில் 'தெனெஸ்' என்பர். பலரை நெருக்கமாக விளிக்கும் 'வொஸோத்ரொஸ்' ஸ்பெயினுக்கே உரியது, அதற்குத் 'தெனெய்ஸ்'. அமெரிக்க நாடுகளிலோ பலர் யாவர்க்கும் 'உஸ்தெதெஸ்' ஒன்றே.

கராக்கஸிற் பிறந்து, சிலிப் பல்கலைக்கழகத்தின் முதற்றலைவராய் விளங்கிய அந்திரேஸ் பெல்லோ, 1847இல் அமெரிக்கர்க்கெனவே ஸ்பானிய இலக்கணம் யாத்த பேரறிஞர். அவர் வொஸ் வழக்கைக் கண்டித்தார். வொஸ்ஸை எழுவாயாக்கி, 'உன்னை' என்னுமிடத்தில் தூவுக்குரிய 'தெ'யைச் சேர்க்கும் கலப்பு, ஒழுங்கை விரும்பும் எவ்விலக்கணியையும் உறுத்தவே செய்யும். ஆயினும், அவர்தம் செல்வாக்கு மிக்க சிலியிலேயே பெயர் ஒதுங்கியதன்றி விகுதி ஒதுங்கவில்லை. தூ எனத் தொடங்கி, வொஸ்ஸுக்குரிய 'தெனீஸ்' என முடிப்பாரை அங்கு இன்றும் கேட்கலாம். கண்டித்த கலப்பு வேறொரு வாயிலால் உட்புகுந்துவிட்டது!

பெல்லோவின் புலமைக்கு நான் தலைவணங்குவேன். எனினும், தாய் தன் மகவை அழைக்கும் சொல்லைப் பிழையென்று ஆசிரியன் திருத்தப் புகின், அப்பிள்ளை எவர் சொல்லை நம்பும்? ஆர்ஜென்ரீன இலக்கியக் கழகம் வொஸ் கற்றோர்க்கும் உரிய வழக்கே என ஏற்றது 1982இல். அதற்கு நெடுங்காலம் முன்னரே அந்நாட்டு மக்கள் தம் வீட்டிலும் வீதியிலும் அதற்கு இடங்கொடுத்திருந்தனர்.