தூசிக்கு எந்த ஃபில்டர்?

கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து ப்ராசசர் ஃபேனைப் பாருங்கள். உங்கள் அறைக் காற்றின் ரிப்போர்ட் அங்கேயே இருக்கிறது! திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில் சாலையோர வீடு என்றால், அதில் மண் தூசியும் சேர்ந்திருக்கும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ ஆப்பில் பி.எம்.10, பி.எம்.2.5 அளவுகளைப் பார்க்கலாம். முதலாவதில் சாலைத் தூசியும் அடங்கும். இரண்டாவது, புகை போன்ற நுண்துகள். இவற்றுக்கு 24 மணி நேர வரம்பு, கனமீட்டருக்கு 100 மற்றும் 60 மைக்ரோகிராம். அளக்கும் நிலையம் தொலைவில் இருந்தால் அதை உங்கள் தெருவின் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மண் தூசிக்குக் கழுவக்கூடிய ப்ரீ-ஃபில்டர் முக்கியம். அது இல்லாவிட்டால் விலை அதிகமான ஹெபா ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கிரிவல நாட்களின் வாகனப் புகைக்கு ஹெபாதான் வேண்டும். இது 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ‘ஹெபா டைப்’ என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள், அது வேறு. ஓசோன் வெளியிடும் மாடலும் வேண்டாம்.

அடுத்து சி.ஏ.டி.ஆர். என்ற எண். 12க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக 170 தேவை. ஜன்னலைத் திறந்து வைத்தால் இந்தக் கணக்கு எடுபடாது. மாற்று ஃபில்டரின் விலையையும் வாங்கும்போதே கேட்டு விடுங்கள்.