ஓர் இருக்கைக்கு எவ்வளவு செலவு?

வெளியூரில் நடக்கும் ஒரு திருமணத்திற்குப் பத்துப் பேர் புறப்படுகிறார்கள் எனக் கொள்வோம். பேருந்தில் போனால் ஆளுக்குக் கொஞ்சம் பணம்தான் ஆகும். ஆனால் பேருந்து வரும் நேரத்திற்குக் காத்திருக்க வேண்டும். அது நிற்கும் இடத்தில் இறங்கி நடக்க வேண்டும். வேன் பிடித்தால் நினைத்த நேரத்தில் புறப்படலாம். மண்டபத்து வாசலிலேயே இறங்கலாம். செலவு மட்டும் கூடும். அதே வேனில் ஒருவர் மட்டும் போனால்? வாடகை முழுவதும் அவர் ஒருவர் தலையில் விழும்.

வானத்திலும் இதே கணக்குத்தான். கால அட்டவணைப்படி பறந்து, பயணச்சீட்டு வாங்கிய எல்லாரையும் ஏற்றிச் செல்லும் வணிக விமானம் பேருந்தைப் போன்றது. ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரிமையானதும், அவருக்காக மட்டும் வாடகைக்கு அமர்த்தப்படுவதுமான தனி விமானம் வேனைப் போன்றது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வேனின் எடையைச் சாலை தாங்குகிறது. விமானத்தின் எடையை எரிபொருளைச் செலவிட்டு நாமே தாங்க வேண்டும்.

இவ்விரண்டில் எது மேல்? ஒரே வரியில் விடை சொல்ல முடியாது. ஆனால் பள்ளியில் நீங்கள் படித்த இயற்பியலும் எளிய கணக்கும் இருந்தால் விடையை நீங்களே தேடிக் கண்டுபிடிக்கலாம். வாருங்கள், முயன்று பார்ப்போம்.

மூன்று விமானங்கள்

நமது கணக்குக்கு மூன்று விமானங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது செஸ்னா 172. ஒரே இயந்திரம், சுழல்விசிறி, விமானியையும் சேர்த்து நான்கு இருக்கைகள். 1956ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இவ்வகையில் இதுவரை 44,000க்கும் மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டுள்ளன. உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் கட்டப்பட்ட விமானம் இதுவே. மணிக்கு ஏறத்தாழ 220 கி.மீ. வேகத்தில் செல்லும்.

இரண்டாவது கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650. பெருஞ்செல்வர்களும் பெரிய நிறுவனங்களும் வைத்திருக்கும் ஜெட் விமானம். எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 13,000 கி.மீ. பறக்க வல்லது.

மூன்றாவது ஏர்பஸ் ஏ320 நியோ. சுமார் 180 பேர் அமரக்கூடிய வணிக விமானம். இந்திய வான்வழிகளில் அன்றாடம் நூற்றுக்கணக்கில் பறப்பது.

எடையைத் தாங்கும் செலவு

ஒரே உயரத்தில் நேராகப் பறக்கும் விமானத்தின் மீது நான்கு விசைகள் செயல்படுகின்றன. கீழே இழுப்பது எடை. அதற்குச் சமமாக மேலே உயர்த்துவது இறக்கைகள் தரும் தூக்கு விசை. பின்னுக்கு இழுப்பது காற்றின் தடை விசை. அதற்குச் சமமாக முன்னே தள்ளுவது இயந்திரத்தின் உந்து விசை.

தூக்கு விசை இலவசமாகக் கிடைப்பதில்லை. ஏ320 போன்ற விமானத்தில் 17 நியூட்டன் தூக்கு விசை பெற வேண்டுமானால் ஏறத்தாழ 1 நியூட்டன் தடை விசையைச் சகித்துக்கொள்ள வேண்டும். பறக்கும்போது விமானத்தின் நிறை 68 டன் என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என வைத்தால் அதன் எடை 6,80,000 நியூட்டன். இதை 17ஆல் வகுத்தால் தடை விசை 40,000 நியூட்டன். ஒரு கி.மீ. தொலைவுக்கு இத்தடையை எதிர்த்துச் செய்ய வேண்டிய வேலை 40,000 × 1,000, அதாவது 4 கோடி ஜூல்.

ஜெட் இயந்திரத்தின் பயனுறுதிறன் ஏறத்தாழ 35 விழுக்காடு. ஆகவே எரிபொருளிலிருந்து வர வேண்டிய ஆற்றல் 11.4 கோடி ஜூல். ஒரு லிட்டர் விமான எரிபொருளில் இருப்பது 3.5 கோடி ஜூல். ஆக, ஒரு கி.மீ.க்கு 3.3 லிட்டர் தேவை. மேலேறும் செலவையும் சேர்த்து 3.5 லிட்டர் எனலாம். உண்மையில் இவ்விமானம் எரிப்பதும் இந்த அளவை ஒட்டியதே. வகுப்பறைச் சூத்திரம் ஒரு பெரிய விமானத்தின் எரிபொருள் கணக்கை எவ்வளவு நெருக்கமாகத் தந்துவிடுகிறது, பாருங்கள்!

இப்போது ஜி650க்கு வருவோம். பறக்கையில் அதன் நிறையை 34 டன் எனக் கொண்டால் ஏ320இல் சரிபாதி. இறக்கையின் திறமும் இயந்திரத்தின் திறமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே எரிபொருளும் பாதிதான்: கி.மீ.க்குச் சுமார் 1.8 லிட்டர்.

பாதி எரிபொருள் என்றதும் சிக்கனமான விமானம் போலத் தோன்றுகிறதல்லவா? பயணிகளை எண்ணிப் பாருங்கள். 2024ஆம் ஆண்டு உலக வணிக விமானங்களின் இருக்கைகளில் 83.5 விழுக்காடு நிரம்பியிருந்தன. அந்தக் கணக்கில் ஏ320இல் 150 பேர். தனி ஜெட்டில் நால்வர் செல்வதாகக் கொள்வோம். வணிக விமானத்தில் 100 கி.மீ.க்கு ஒருவருக்கு ஆகும் எரிபொருள் 2.3 லிட்டர். தனி ஜெட்டில் 45 லிட்டர். ஏறத்தாழ இருபது மடங்கு!

இதை வேறு விதமாகவும் சொல்லலாம். வணிக விமானத்தில் ஒருவர் பங்குக்கு 450 கிலோ எடை தூக்கப்படுகிறது. அது ஓர் எருமையின் எடை. தனி ஜெட்டில் ஒருவர் பங்குக்கு 8,500 கிலோ. ஏறத்தாழ இரண்டு யானைகளின் எடை. ஒவ்வொரு பயணியும் தம்மோடு எதைத் தூக்கிச் செல்கிறார் என்பதே எரிபொருட் செலவை முடிவு செய்கிறது.

அப்படியானால் தனி விமானம் எல்லாமே ஊதாரிதானா? இல்லை. செஸ்னா 100 கி.மீ.க்குச் சுமார் 16 லிட்டர் எரிக்கிறது. மூவர் சென்றால் ஆளுக்கு ஐந்தரை லிட்டருக்கும் குறைவு. ஒருவர் மட்டும் செல்லும் காரின் செலவோடு இதை ஒப்பிடலாம். ஆகவே, "தனி" என்ற சொல்லில் குற்றமில்லை. தலைக்கு எத்தனை கிலோ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நின்றாலும் செலவு

எரிபொருள் பறக்கும்போது மட்டுமே செலவாகும். விமானத்தின் விலை, கொட்டகை வாடகை, காப்பீடு, விமானிகளின் ஊதியம், குறித்த காலச் சோதனைகள் ஆகியவை விமானம் சும்மா நின்றாலும் செலவாகிக்கொண்டே இருக்கும்.

விலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏ320 நியோவுக்கு 2018ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட விலை 11 கோடி டாலர். ஜி650இன் விலை ஏறத்தாழ 6.5 கோடி டாலர். இரண்டும் 20 ஆண்டுகள் உழைப்பதாகக் கொள்வோம். வணிக விமானம் நிற்பதே இல்லை. ஒரு நகரில் இறங்கி முக்கால் மணிக்குள் அடுத்த நகருக்குப் புறப்பட்டுவிடுகிறது. ஆண்டுக்கு 3,500 மணி பறப்பதாகக் கொண்டால் ஒரு மணிக்கு விலையின் பங்கு 1,570 டாலர். 150 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து டாலர்தான். தனி ஜெட் உரிமையாளருக்குத் தேவைப்படும்போது மட்டுமே பறக்கும். ஆண்டுக்கு 400 மணி எனக் கொண்டால் ஒரு மணிக்கு 8,125 டாலர். நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 2,000 டாலருக்கும் மேல். பிற்காலத்தில் விமானத்தை விற்றால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்பதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் பெரிய மாற்றம் இராது.

இன்னொன்றும் உண்டு. உரிமையாளரை ஓரிடத்தில் இறக்கிவிட்ட தனி விமானம் பல வேளைகளில் ஆளில்லாமலே திரும்ப வேண்டியிருக்கும். வாடகைக் காருக்குப் போக, வர இரு வழிக் கட்டணமும் கேட்கிறார்களே, அதே காரணந்தான்.

அப்படியும் ஏன் வாங்குகிறார்கள்?

இவ்வளவு செலவு செய்பவர் எதை வாங்குகிறார்? மெத்தை இருக்கையை அல்ல. நேரத்தையும் இடத்தையும் வாங்குகிறார்.

வணிக விமானத்தில் போக வேண்டுமானால் முன்கூட்டியே நிலையத்திற்குச் செல்ல வேண்டும். சோதனை, வரிசை, இறங்கியபின் பெட்டிக்காகக் காத்திருத்தல் எல்லாம் சேர்ந்து 3 மணி நேரம் போகும் என்போம். தனி விமானத்தில் இது அரை மணியில் முடிந்துவிடும்.

இப்போது ஒரு சமன்பாடு. வணிக விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்திலும், செஸ்னா 220 கி.மீ. வேகத்திலும் செல்கின்றன. எத்தனை கி.மீ. தொலைவில் இரண்டுக்கும் ஆகும் மொத்த நேரம் சமமாகும்? தொலைவு x என்றால்,

3 + x/800 = 0.5 + x/220

தீர்த்துப் பாருங்கள். x ஏறத்தாழ 760 கி.மீ. என வரும். அதாவது 760 கி.மீ.க்கு உட்பட்ட பயணங்களில் மெதுவாகச் செல்லும் சின்னஞ்சிறு செஸ்னா, ஜெட் விமானத்தை வென்றுவிடும்! 400 கி.மீ.க்கு வணிக விமானத்தில் மூன்றரை மணி. செஸ்னாவில் 2 மணி 20 நிமிடந்தான்.

தனி ஜெட்டின் கதை வேறு. அதன் வேகமும் வணிக விமானத்தின் வேகமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே தொலைவு எதுவானாலும் அது மிச்சப்படுத்துவது அதே இரண்டரை மணிதான். 400 கி.மீ. பயணத்தில் மூன்றரை மணி ஒரு மணியாகச் சுருங்குகிறது. 10,000 கி.மீ. பயணத்திலோ பதினைந்தரை மணி பதின்மூன்றாகிறது, அவ்வளவே.

அடுத்தது இடம். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமானத் தளங்கள் சுமார் 5,000 உள்ளன. அட்டவணைப்படி வணிக விமானங்கள் வந்துபோவது அவற்றுள் 500 இடங்களுக்குத்தான். மற்ற இடங்களுக்குச் சிறு விமானமே துணை.

பாதுகாப்பில் வணிக விமானமே மேல். அமெரிக்காவில் வணிகம் சாரா விமானங்களில் ஒரு லட்சம் பறப்பு மணிக்கு ஏறத்தாழ ஓர் உயிர்ச்சேத விபத்து நிகழ்கிறது. வணிக விமானங்களில் இது பல மடங்கு குறைவு. இரு விமானிகள், இரு இயந்திரங்கள், கடுமையான சோதனைகள், மோசமான வானிலைக்கு மேலே பறக்கும் ஆற்றல் ஆகியவை தரும் காப்பு அது. பயணச்சீட்டின் விலையில் இதுவும் அடங்கும்.

ஒன்பது பவுண்டுக்கு ஓர் உயிர்

செலவு ஒன்று, பயன் வேறொன்று. இதை ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி நன்கு விளக்கும்.

1917ஆம் ஆண்டு அந்நாட்டின் வடமேற்கில் ஹால்ஸ் க்ரீக் என்ற சிற்றூரில், ஜிம்மி டார்சி என்ற மாட்டுப் பண்ணைத் தொழிலாளி படுகாயமடைந்தார். பக்கத்தில் மருத்துவர் எவரும் இல்லை. நெடுந்தொலைவிலுள்ள பெர்த் நகரத்து மருத்துவர் தந்தி மூலம் சொல்லச் சொல்ல, ஊர் அஞ்சல் அதிகாரி ஒரு பேனாக்கத்தியால் அறுவை செய்தார். மருத்துவர் கப்பலிலும் காரிலும் குதிரையிலுமாகப் பல நாட்கள் பயணம் செய்து ஊரை அடைந்தபோது, டார்சி இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

இத்தகைய இறப்புகளைத் தடுக்க வேண்டுமென ஜான் ஃபிளின் என்ற கிறித்தவப் போதகர் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1928 மே 17 அன்று, குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கிளான்கரி என்ற ஊரிலிருந்து பறக்கும் மருத்துவரின் முதல் விமானம் புறப்பட்டது. அது குவாண்டாஸ் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த ஒற்றை இயந்திர விமானம். வாடகை ஒரு மைலுக்கு 2 ஷில்லிங். முதல் ஆண்டில் 50 பயணங்களில் சுமார் 20,000 மைல் பறந்து 225 நோயாளிகளுக்கு மருத்துவம் அளிக்கப்பட்டது.

கணக்கிடுங்கள். 20,000 மைலுக்கு 40,000 ஷில்லிங். அதாவது 2,000 பவுண்டு. 225ஆல் வகுத்தால் ஒரு நோயாளிக்கு 9 பவுண்டுக்கும் குறைவு. பேருந்துக் கணக்கில் பார்த்தால் இது பெருஞ்செலவு. ஓர் உயிரின் கணக்கில் பார்த்தால்? அந்தச் சேவை ராயல் ஃபிளையிங் டாக்டர் சர்வீஸ் என்ற பெயரில் இன்றும் நடந்துவருகிறது.

சீட்டில் அச்சிடாத விலை

இறுதியாக, எந்தப் பயணச்சீட்டிலும் அச்சிடப்படாத ஒரு செலவு உண்டு. எரிபொருளில் உள்ள 12 கிராம் கரி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி 44 கிராம் கரியமில வாயு ஆகிறது. ஒரு லிட்டர் விமான எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ இரண்டரை கிலோ கரியமில வாயு வெளியாகும். 400 கி.மீ. பயணத்திற்கு வணிக விமானத்தில் ஒருவர் பங்கு 23 கிலோ. நால்வர் செல்லும் தனி ஜெட்டில் ஒருவர் பங்கு 450 கிலோ. இதன் விளைவான வெப்பத்தைப் பறந்தவர் மட்டுமல்ல, விமானத்தைக் கண்ணால் காணாதவர்களும் தாங்க வேண்டியிருக்கிறது.

2024ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, 2023இல் உலகத் தனி விமானங்கள் குறைந்தது 1.56 கோடி டன் கரியமில வாயுவை வெளியிட்டன. அப்பயணங்களில் ஏறத்தாழ பாதி 500 கி.மீ.க்கும் குறைவானவை. காரணத்தை நம் சமன்பாடு முன்பே காட்டிவிட்டது: குறுந்தொலைவில்தான் தனி ஜெட் மிச்சப்படுத்தும் நேரம் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் நல்ல இரயில் வண்டியும் சாலையும் இருக்கக்கூடிய தொலைவும் அதுவே.

ஆகவே ஒரு பயணத்தை மதிப்பிடும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை இருக்கைகள் நிரம்பின? மிச்சமான நேரம் எதற்குப் பயன்பட்டது? அதே வேலைக்கு வேறு வழி இருந்ததா? பறக்கும் மருத்துவரின் விமானத்தில் நிரம்பியது ஓர் இருக்கைதான் என்றாலும், மற்ற இரு கேள்விகளுக்கும் தயங்காமல் விடை சொல்லலாம். விடை சொல்லத் தயங்க வேண்டிய பயணங்களும் பல உண்டு.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஜி650இல் நால்வருக்குப் பதில் 14 பேர் சென்றால் 100 கி.மீ.க்கு ஆளுக்கு எத்தனை லிட்டர் ஆகும்? அப்போதும் அது வணிக விமானத்தைப் போல் எத்தனை மடங்கு? விடை கண்டபின், உங்கள் ஊர்ப் பேருந்துக்கும் ஒருவர் மட்டும் ஓட்டிச் செல்லும் காருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.