அட்டவணையின் வாயிற்காவல்

செய்திகளை நிரையும் நிரலுமாக வகுத்து அட்டவணைகளில் அமைத்துக் காக்கும் தொகுதியே தொடர்புசார் தரவுத்தளமாகும். இம்முறைக்கு அடிகோலியது எட்கார் கொட் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையாகும். அட்டவணையின் பயன் அதனுட் புகும் நிரைகளின் மெய்ம்மையைப் பொறுத்தது. பிழையான நிரை ஒன்று புகுந்துவிடின், அதன்மேல் எழும் கூட்டலும் சராசரியும் பிழைபடும். ஆதலின் எந்நிரையை ஏற்பது, எதனை மறுப்பது என்னும் வரையறை வேண்டப்படுகின்றது.

அவ்வரையறையை எங்கு வைத்தல் தகும்? தரவை உள்ளிடும் கணினிச் செய்நிரலில் வைப்பாரும் உளர். ஆயின் ஓர் அட்டவணைக்குச் செய்நிரல்கள் பலவற்றின் வழியாகத் தரவு வந்து சேரும். ஒன்றிலே காவல் தவறினும் பிழை புகுந்துவிடும். அட்டவணையிலேயே அமைந்த காவலோ எவ்வழி வருவனவற்றையும் ஒருங்கே சோதிக்கும்.

பரீட்சைப் புள்ளி அட்டவணை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்க. சுட்டெண், பாடம், புள்ளி என்பன அதன் நிரல்கள். முதலிரண்டும் சேர்ந்து முதன்மைச் சாவியாயின், ஒரு மாணவர்க்கு ஒரே பாடத்தில் இரு புள்ளிகள் பதியா. சுட்டெண் அந்நியச் சாவியுமாயின், மாணவர் பட்டியலில் இல்லாத எண் ஏற்கப்படாது. புள்ளி 0 முதல் 100 வரை அமைதல் வேண்டுமெனச் 'செக்' என்னும் கட்டுப்பாட்டை விதித்தால், 105 மறுக்கப்படும்.

ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. புள்ளியை எழுதாது வெறுமையாக விட்ட நிரையை அக்கட்டுப்பாடு தடுக்காது. காரணம் யாதெனின், எஸ்.கியூ.எல். மொழியின் தருக்கத்தில் உண்மை, பொய், அறியப்படாதது என மூன்று பெறுமானங்கள் உள. வெறுமை 100க்கு மேற்படாததா என வினவின், விடை 'அறியப்படாதது' என்பதேயாம். கட்டுப்பாடு மறுப்பது பொய்யானதை மாத்திரமே. இவ்வாறு புகுந்த நிரை சராசரி காணுங்கால் கணக்கில் எடுக்கப்படாது விடப்படும். விடையோ குறையின்றி அமைந்ததுபோலத் தோன்றும். எனவே, புள்ளி வெறுமையாதல் ஆகாதென்னும் விதியையும் உடன் விதித்தல் இன்றியமையாதது.

விதியை எழுதிவைத்தல் மாத்திரம் அமையாது. பலரும் கையாளும் மைஎஸ்கியூஎல் மென்பொருள், 2019இல் வெளிவந்த 8.0.16ஆம் பதிப்புக்கு முன்னர், 'செக்' விதியைப் பிழை கூறாது ஏற்று, பின் அதனைப் பொருட்படுத்தாது விட்டது. விதி உண்டென நம்பியோரின் அட்டவணைக்குக் காவல் இருந்ததில்லை. ஆதலின் விதி வகுப்போர், மறுக்கப்படவேண்டிய நிரையொன்றைத் தாமே உட்செலுத்திப் பார்த்தல் வேண்டும். அது மறுக்கப்பட்ட பின்னரே காவல் உளதென்பது உறுதியாகும்.