பாட்டி விழுந்தால் இடுப்பு ஏன் முறிகிறது?

"இடுப்பு உடைந்துவிட்டது" என்போம். பெரும்பாலும் உடைவது தொடை எலும்பின் மேல்முனை. வயதானவர் பக்கவாட்டில் சாயும்போது கையை ஊன்ற நேரமிருக்காது, மொத்த அடியும் அங்கேதான் விழும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்து, எலும்பு மெலிந்த பெண்களுக்கு அதுவே போதும். கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் தைலம் தேய்த்து நீவாதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள்.

தொடை எலும்பின் மேல்முனையில் உள்ள பந்து போன்ற தலைக்கு ரத்தம் பெரும்பாலும் அதன் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகிறது. கழுத்து முறிந்து விலகினால் ரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களும் அறுபடலாம். பிறகு ஸ்க்ரூ போட்டு இணைத்தாலும் தலை செத்துப்போகக்கூடும். பல முதியவர்களுக்குச் செயற்கை மூட்டு வைப்பது இதனால்தான்.

"இந்த வயசில் ஆபரேஷனா?" என்று குடும்பம் தயங்குவது இயல்பு. ஆனால் படுத்தே கிடந்தால் நிமோனியா, ரத்தக்கட்டி, படுக்கைப்புண் என்று வரிசையாக வரும். ஆகவே ஓரிரு நாளில் அறுவை சிகிச்சை, முடிந்தால் மறுநாளே வாக்கர்.