திரைக்குள் அடங்கும் படம்: மாட்டுப்பட்டியில் அன்றும் இன்றும்

மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியில் அணை கட்டி முடித்தது 1953இல். அகலத்திரை வடிவமான சினிமாஸ்கோப்பின் முதல் படம் 'தி ரோப்' வெளிவந்ததும் அதே ஆண்டுதான். தமிழில் அந்த அகலத்தை 1973இல் 'ராஜராஜ சோழன்' கொண்டுவந்தது.

அகலப் படங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் கைக்குள் வந்தது, பொத்தான் வைத்த செல்போன் காலத்தில். கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் படத்தை 3GP வகைக் கோப்பாக மாற்றி ஏற்றித் தருவார்கள். அதன் அளவு பெரும்பாலும் 176க்கு 144 புள்ளி. 2.35க்கு 1 என்ற அகலப் படத்தை உருவம் கெடாமல் அதில் வைத்தால் உயரம் 75 புள்ளிதான். பாதித் திரை கறுப்பாகவே நிற்கும். திரை நிறைய இழுத்தாலோ முகங்கள் ஏறத்தாழ இரு மடங்கு நீண்டுவிடும். கோளாறு கோப்பிலேயே பதிந்திருந்ததால், மறுபடி கடைக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும்.

இன்றைய போன்கள் பலவற்றின் திரை 2400க்கு 1080 புள்ளி. அதே படம் 1021 புள்ளி உயரத்துக்கு நிற்கிறது. மேலேயும் கீழேயும் கறுப்பு தலா 30 புள்ளியளவே. விஎல்சியிலோ எம்எக்ஸ் பிளேயரிலோ ஒரு தொடுதலில் அளவை மாற்றலாம்.

சினிமாவுக்கு வழி பிறந்தது. ஆனால் கல்யாண வீடியோ கேசட்டுக்குச் சிக்கல் வந்தது. அது 4:3. இன்றைய திரையில் இருபுறமும் 480 புள்ளி வெறுமையாக நிற்கும். அதை நிரப்ப விரலால் விரித்தால் படத்தின் உயரத்தில் 40 சதவீதம் வெட்டுப்படும்: நிற்பவரின் தலை, மணையில் இருப்பவரின் கால், கீழே பதிந்த தேதி எல்லாம் போய்விடும். அன்று கெட்டது பார்த்தவுடன் தெரிந்தது. இன்று போனது போனதாகவே தெரிவதில்லை.

இந்த இழப்பு இங்கே பெரிது: தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்தைக் காலிசெய்ய வேண்டும். சமவெளிக்கு இறங்கிய குடும்பங்கள் பலவற்றுக்கு, வாழ்ந்த வீட்டின் வாசலும் கூரையும் அந்தக் கேசட்டில்தான் மிச்சம்.

ஆகவே கறுப்பு நின்றால் நிற்கட்டும். 'ஃபிட்' என்ற அளவையே வையுங்கள். கேசட்டிலிருந்து மாற்றிய கோப்பு 720க்கு 576 ஆக இருந்து, முகம் சற்று ஒடுங்கித் தெரிந்தால், 4:3 என்று தேர்ந்தெடுங்கள். எடுத்தவர் எடுத்தபடியே படம் முழுதாகத் தெரியும்.